ஆயிரத்து நானூற்றொன்றின் நீண்ட ஆயுள்

காரியாலயத்தில் உபயோகத்திலிருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயுள் எத்தனை வருஷம் என்று கேட்டால், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் புரட்டிப் பார்க்கும் கணக்கர், மேஜைக் கம்ப்யூட்டருக்கு 3 வருஷம், சர்வருக்கு 6 வருஷம் என்று தயங்காமல் சொல்லிவிடுவார். வருமான வரி விவகாரம் பார்ப்பவர், வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே போனால் நாலைந்து வருஷத்தில் ஏட்டில் மிஞ்சுவது சொற்பமே என்பார். விற்க வந்தவர், போன வருஷம் வாங்கியதே பழசாகிவிட்டது என்று சத்தியம் செய்வார். அந்த யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து மாதம் தவறாமல் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் குமாஸ்தாவைக் கேட்டாலோ, “நேற்றுக்கூட நன்றாகத்தானே ஓடிற்று?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். நால்வரும் அவரவர் நிலையில் உண்மையைத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் யந்திரம் எப்போது கிழடாகிறது என்ற கேள்விக்கு நம் தேசத்தின் அனுபவத்திலிருந்தே ஒரு விடை உண்டு. அந்த அனுபவம் ஐ.பி.எம். 1401 என்ற ஒரு யந்திரத்தின் சரித்திரத்தோடு பின்னிக்கிடப்பதால், அதை அங்கிருந்தே தொடங்குவது உசிதம்.

அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி 1959 அக்டோபரில் 1401ஐப் பிரகடனம் செய்தபோது, விஞ்ஞானிகளையும் ராணுவத்தையும் மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை. துளை அட்டைகளை வைத்துக்கொண்டு கணக்கெழுதும் நடுத்தரக் காரியாலயங்களுக்காகவே, மாதம் சுமார் 2,500 டாலர் தொடக்க வாடகையில், அது செய்யப்பட்டது. ரேடியோ வால்வுகளை நம்பியிருந்த முந்தைய தலைமுறை யந்திரங்களைப் போலன்றி, இது முழுக்க முழுக்க டிரான்சிஸ்டர்களால் இயங்கியது. நிமிஷத்துக்கு 800 அட்டைகளைப் படித்தது. 132 எழுத்து அகலமுள்ள காகிதத்தில் நிமிஷத்துக்கு 600 வரிகளை அச்சடித்துத் தள்ளியது. உலகமெங்கும் 10,000க்கு மேற்பட்ட 1401கள் ஸ்தாபிக்கப்பட்டன. இந்தியாவில் வியாபாரக் காரியங்களுக்காக வந்த முதல் கம்ப்யூட்டரும் இதுவே. 1961இல் பம்பாயில் எஸ்ஸோ எண்ணெய்க் கம்பெனியில் அது நிறுவப்பட்டது. அறுபதுகளின் பிற்பகுதியில் ரயில்வே நிர்வாகம் ஒன்பது மண்டலங்களுக்கும், மூன்று உற்பத்தித் தொழிற்சாலைகளுக்கும், ரயில்வே போர்டுக்குமாக இந்த யந்திரங்களைப் படிப்படியாக வரவழைத்தது. அந்த மூன்று தொழிற்சாலைகளில் நமது பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையும் ஒன்று.

இன்று அதன் சக்தியை எடைபோட்டால் சிரிப்புத்தான் வரும். சாதாரணமாக 4,000 எழுத்துகள், மிகப் பெரிய அமைப்பில் 16,000 எழுத்துகள்: ஞாபக சக்தி அவ்வளவே. இந்தக் கட்டுரையை அப்படியே அதற்குள் அடைக்க முயன்றால் பெரிய யந்திரத்தில்கூட இடம் போதாது. ஆனாலும் பத்தாயிரக்கணக்கான தொழிலாளரின் சம்பளத்தையும், கிடங்கிலிருந்த போல்ட்டு நட்டுகளின் இருப்பையும், சரக்கு வண்டிகளின் வருமானக் கணக்கையும் அது மாதாமாதம் போட்டுக்கொடுத்தது என்பதை நினைக்கும்போது, காரியாலயத்துக்கு உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டியிருக்கிறது என்ற சந்தேகம் இந்தக் காலத்தவருக்கு எழாமல் போகாது.

இந்த யந்திரத்தை ஓடவைத்துக்கொண்டிருந்த பராமரிப்பு என்னும் கலையைச் சற்று அருகே போய்ப் பார்க்கவேண்டும். அட்டை படிக்கும் பெட்டியினுள், ஓர் அட்டையிலுள்ள 80 பத்திகளுக்கும் பத்திக்கொன்றாக மெல்லிய உலோகத் தூரிகைகள் உண்டு. அட்டையில் துளை இருக்குமிடத்தில் தூரிகையின் முனை அதற்குள் புகுந்து மின்தொடர்பு உண்டாக்கும். ஒரே அட்டை இரண்டு வரிசைத் தூரிகைகளுக்கடியில் அடுத்தடுத்துச் சென்று, இரண்டு தடவையும் துளைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று சோதிக்கப்படும். ஈரக்காற்று பட்டால் அட்டை ஊதும். ஊதிய அட்டை நெரிந்து மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட அட்டையைப் பிடுங்கும்போது தூரிகை வளையும். சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் குளிர்சாதனம் மனிதருக்காக வைக்கப்பட்டதல்ல, அட்டைக்காக வைக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. அச்சு யந்திரத்திலோ, எழுத்துகள் கோத்த ஒரு சங்கிலி காகிதத்தின் குறுக்கே இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க, காகிதத்தின் பின்னாலிருந்து 132 சுத்தியல்கள், வேண்டிய எழுத்து எதிரே வரும் க்ஷணத்தைக் கணக்கிட்டு அடிக்கும். ஒரு சுத்தியல் கொஞ்சம் சோம்பல்பட்டால் வரியில் ஓரெழுத்து பக்கவாட்டில் ஆடும். சம்பளச் சீட்டில் அப்படி ஆடிய எழுத்தைப் பார்த்ததுமே எந்தச் சுத்தியலுக்கு வைத்தியம் தேவை என்று சொல்லிவிடும் இன்ஜினீயர்கள் இருந்தார்கள்.

கணக்குப் போடும் மூளைப் பகுதியின் வைத்தியம் வேறு விதம். அதன் இரும்புக் கதவுகளைத் திறந்தால், உள்ளங்கையளவு மின்சுற்று அட்டைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் சில டிரான்சிஸ்டர்கள், சில ரெஸிஸ்டர்கள், அடியில் பொன்முலாம் பூசிய 16 தொடுமுனைகள், அவ்வளவுதான். கோளாறு என்று தகவல் வந்ததும் இன்ஜினீயர் முதலில் செய்யும் காரியம், சந்தேகத்துக்குரிய அட்டையைப் பிடுங்கி, அதன் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகிப் பார்ப்பதுதான். அதற்கும் மசியாவிட்டால், அதே ஜாதி அட்டை ஒன்றை வேறிடத்திலிருந்து எடுத்து இரண்டையும் இடம் மாற்றிச் செருகுவார். கோளாறும் கூடவே இடம் மாறிற்றானால் குற்றவாளி அட்டை. மாறாவிட்டால் குற்றம் கம்பியிலோ வேறெங்கோ இருக்கிறது. எளிதான தர்க்கம், ஆனால் இதைச் செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த அட்டை எங்கே செருகப்பட்டிருக்கிறது, எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கவேண்டும். அந்தக் காலத்து ஐ.பி.எம். யந்திரம் ஒவ்வொன்றுடனும் அதற்கே உரிய மின்சுற்று வரைபடத் தொகுதிகள் வந்தன. யந்திரத்தில் பிற்பாடு செய்யும் மாற்றங்களும் அவற்றில் பதிவாகிவிடும். யந்திரம் எத்தனை பழசானாலும் அதன் ஜாதகம் அதன் பக்கத்திலேயே அலமாரியில் இருந்தது. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு அவசியம் வரும்.

ஐ.பி.எம். கம்பெனி தன் யந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. பழுது பார்க்கும் செலவும் வாடகைக்குள் அடக்கம். யந்திரம் கம்பெனியின் சொத்து. நின்றுபோனால் நஷ்டமும் கம்பெனிக்குத்தான். ஆகவே அது நெடுங்காலம் ஓடவேண்டும் என்ற அக்கறை, அதைச் செய்தவருக்கே இருந்தது. இன்றைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது நேர்மாறு. வாடகை முறையால் வந்த ஏகபோகத்தை அமெரிக்க சர்க்காரே பொறுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை: 1956இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, யந்திரங்களை விலைக்கு விற்கவும், பழுது பார்க்கும் வெளியாருக்கு உதிரி பாகங்களைக் கொடுக்கவும் ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. அதனால் அந்நாட்டில் பழைய யந்திரங்களுக்கென்று ஒரு சந்தையே தோன்றியது.

இந்தியாவில் நடந்தது வேறு. அறுபதுகளில் மேல்நாடுகளில் 1401க்குப் பதிலாகப் புதிய 360 வரிசை யந்திரங்கள் வர ஆரம்பித்ததும், அங்கே வேலைக்கு உதவாதென்று கழிக்கப்பட்ட 1401கள் பம்பாயிலிருந்த ஐ.பி.எம். தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தன. அங்கே அவை அக்கக்காகப் பிரிக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, தேய்ந்த பாகங்கள் மாற்றப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டு, இந்தியக் காரியாலயங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. அமெரிக்காவில் 1971இன் தொடக்கத்திலேயே 1401 விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இங்கோ எழுபதுகள் முழுவதும் அது காரியாலயங்களின் முக்கிய யந்திரங்களில் ஒன்றாக விளங்கியது. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் தவித்த தேசத்துக்கு, ரூபாயில் வாடகை கட்டினால் போதும் என்பது பெரிய சலுகையாகத் தோன்றிற்று. ஆனால், எங்கேயோ ஒருமுறை முதல் முழுவதையும் சம்பாதித்துக் கொடுத்துவிட்ட யந்திரத்துக்கு இங்கே மறுபடியும் முதலிலிருந்து வாடகை கட்டுவதா என்ற கேள்வி எழாமலிருக்குமா? பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு 1975-76இல் சர்க்கார் இலாகாக்களின் கம்ப்யூட்டர் உபயோகத்தைப் பரிசீலித்தபோது, பழசாகிப்போன யந்திரங்களைக் கொழுத்த வாடகைக்கு விட்டு லாபம் பார்ப்பதாக ஐ.பி.எம்.மைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்தக் கண்டனம் நியாயமே என்பதுதான் என் அபிப்பிராயம். ஆயினும், கண்டித்தவர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயமும் அதில் இருந்தது. புது யந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்து மின்சாரம் கொடுப்பவனுக்கு அந்த யந்திரத்தைப் பற்றித் தெரிவது கொஞ்சமே. கழிக்கப்பட்ட யந்திரத்தைத் திருகாணி திருகாணியாகப் பிரித்து மறுபடி உயிர் கொடுப்பவனுக்கோ அதன் குடலும் நரம்பும் அத்துபடியாகிவிடும். மேல்நாட்டுக் கழிவை நம் தலையில் கட்டிய அந்தக் காரியமே, அதை உத்தேசிக்காமல், இந்தியத் தொழிலாளர்களுக்கும் இன்ஜினீயர்களுக்கும் ஒரு பாடசாலையாகவும் ஆகிவிட்டது. அந்தப் படிப்பின் அருமை விரைவிலேயே தெரியவந்தது.

இதற்கிடையில், கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொன்னவர்களின் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கல்கத்தாவிலுள்ள தன் இலாகோ மாளிகையில் கம்ப்யூட்டர் வைக்கப் புறப்பட்டபோது, வேலை போய்விடும் என்று அஞ்சிய சிப்பந்திகள் அந்தக் கட்டிடத்தை இரவும் பகலும் முறைவைத்துக் காவல் காத்து யந்திரத்தைத் தடுத்தார்கள். இந்தப் பிரச்னையை ஆராயப் பொருளாதார நிபுணர் வி. எம். தண்டேகரின் தலைமையில் 1969இல் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1972இல் அறிக்கை வந்தது. எந்தக் காரியாலயத்தில் எத்தகைய யந்திரம் வரலாம் என்பது இப்படி வருஷக்கணக்கில் விவாதத்திலும் அனுமதியிலும் சிக்கிக்கிடந்ததால், ஏற்கெனவே இருக்கிற பழைய யந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பதே உசிதம் என்ற மனோபாவம் நிர்வாகிகளிடம் வேரூன்றியதில் ஆச்சரியமில்லை.

1973ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், இந்தியாவில் தொழில் நடத்தும் அந்நியக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்ப்பந்தித்தது. பிரிட்டிஷ் கம்பெனியான ஐ.சி.எல். இணங்கிற்று. தன் கிளைக் கம்பெனிகளை முழு உரிமையில் வைத்திருப்பதே உலகமெங்கும் தன் கொள்கை என்று ஐ.பி.எம். பிடிவாதம் செய்தது. ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் மந்திரியாக இருந்த சமயம் பேச்சுவார்த்தை முறிந்தது, 1978இல் ஐ.பி.எம். மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது. கொக்கோகோலாவும் அதே காலத்தில் போயிற்று. ஜனங்களின் நினைவில் நின்றது கொக்கோகோலாதான். குளிர்பானம் இல்லாவிட்டால் மோர் இருக்கிறது. கம்ப்யூட்டர்களின் கதை அப்படியல்ல. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. ரயில்வேயின் சம்பளக் கணக்கும் எண்ணெய்க் கம்பெனிகளின் பில்களும் அவற்றுக்குள் இருந்தன. அவற்றைப் பழுது பார்த்தவர் மட்டும் போய்விட்டார்.

இத்தகைய நிலைமை வரக்கூடும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, 1975 டிசம்பரிலேயே கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்ற ஸ்தாபனத்தை இந்திய சர்க்கார் பதிவு செய்திருந்தது. சுருக்கமாக சி.எம்.சி. என்று அழைக்கப்பட்ட இந்த ஸ்தாபனத்தின் பெயரிலேயே பராமரிப்பு என்னும் சொல் இருந்ததைக் கவனிக்க வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்வதற்கல்ல, இருப்பதைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சர்க்கார் தொடங்கிய கம்ப்யூட்டர்க் கம்பெனி உலகத்தில் வேறெங்காவது உண்டா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஐ.பி.எம். வெளியேறியபோது தேசமெங்கும் 800க்கு மேற்பட்ட இடங்களில் இருந்த அதன் யந்திரங்களின் பொறுப்பு சி.எம்.சி.யின் தலையில் விழுந்தது. ஐ.பி.எம்.மில் இருந்த இந்திய இன்ஜினீயர்கள் பலர் இதில் வந்து சேர்ந்தனர். வேறு சிலர் கூடி ஐ.டி.எம். என்ற தனிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி இதே தொழிலில் இறங்கினர். விரைவில், ஐ.பி.எம். மட்டுமின்றி மற்ற அந்நியக் கம்பெனிகளின் யந்திரங்களையும் சி.எம்.சி. ஏற்றுப் பராமரித்தது. அதுவரை ஒரு கம்பெனியின் யந்திரத்தை மற்றொரு கம்பெனியின் ஆள் தொடுவதில்லை என்றிருந்த தொழிலில், ஒரே ஸ்தாபனத்தின் இன்ஜினீயர் இன்றைக்கு ஒரு கம்பெனியின் டேப் யந்திரத்தையும் நாளைக்கு இன்னொன்றின் அச்சு யந்திரத்தையும் திறந்து பார்க்கும் நிலை உண்டாயிற்று.

செய்தவரின் துணையில்லாமல் யந்திரத்தைக் காப்பாற்றுவது எப்படி? இந்தத் தொழிலில் எந்தத் தேசத்திலும் கையாளப்படும் வழிகள் சிலவே. ஒரே ஜாதி யந்திரங்களில் ஒன்றை நிறுத்தி, அதன் அங்கங்களை எடுத்து மற்றவற்றுக்குப் பொருத்துவது முதல் வழி. இரண்டு கிழட்டு யந்திரங்களில் ஒன்று பலியாகி மற்றொன்று பிழைக்கும். அட்டையையே மாற்றாமல், அட்டையிலுள்ள ஒற்றை டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்து அதை மாத்திரம் மாற்றுவது இரண்டாவது. அலமாரியிலிருந்த வரைபடத் தொகுதி இந்த இரண்டாவது வழிக்குத்தான் இன்றியமையாததாயிற்று. செய்தவர் போய்விட்டாலும் அவருடைய அறிவு காகிதத்தில் எஞ்சியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த கண்களும், பம்பாயிலும் மற்ற ஊர்களிலும் பழகிய கைகளும் இங்கேயே இருந்தன. ஒரு நாட்டில் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டு, இன்னொரு நாட்டில் கம்பெனியாலேயே கைவிடப்பட்ட யந்திரங்கள், எண்பதுகளில் புதியவை வரும்வரை ரயில்வேயில் கணக்கெழுதியது இவ்விதமாகத்தான்.

ஒரே பழைய யந்திரம், அந்நியக் கம்பெனியின் கையிலிருந்தபோது சுரண்டலின் சின்னமாகவும், நம் ஆட்கள் கைக்கு வந்ததும் சுயசார்பின் சின்னமாகவும் பேசப்பட்டதைப் பார்த்து யாராவது நகைத்தால் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். யந்திரம் மாறவில்லை. அதன் வேகம் மாறவில்லை. வாடகை எவ்வளவு, அது யாருக்குப் போகிறது, திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்பவை மட்டுமே மாறின. அதே சமயம், பழையதை ஓட்டும் திறமையைப் புகழும் உற்சாகத்தில் அதனால் நேர்ந்த நஷ்டத்தை மறைப்பதும் நேர்மையாகாது. மற்ற தேசங்களில் ஒரு தலைமுறை மாணவர்கள் கம்ப்யூட்டரோடு நேருக்கு நேராக உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தபோது, நம்மவர்கள் துளை அட்டைக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாள் வந்து விடையை வாங்கிப்போகும் நிலையிலேயே பல வருஷங்கள் இருந்தார்கள். சம்பளக் கணக்குக்குப் போதுமான யந்திரம் படிப்புக்குப் போதாது.

யந்திரத்தைக் காட்டிலும் அதற்கென்று எழுதப்பட்ட புரோகிராம்களின் ஆயுள் நீண்டது என்பது இந்தச் சரித்திரத்தின் இன்னொரு கிளை. ஹனிவெல் கம்பெனி 1963இன் கடைசியில் 200 என்ற யந்திரத்தை வெளியிட்டபோது, 1401க்கு எழுதப்பட்ட புரோகிராம்களை அதில் ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியே வாடிக்கைக்காரரைக் கவர்ந்தது. ஐ.பி.எம்.மும் தன் 360 வரிசையின் சிறிய யந்திரங்களில் 1401ஐப் போலவே நடிக்கும் ஓர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது. புதிய யந்திரத்தை வாங்கி, அதைப் பழைய யந்திரமாக வேஷம் போடவைத்து, பழைய கணக்கையே போட்டுக்கொண்டிருந்த காரியாலயங்கள் மேல்நாட்டிலும் ஏராளம். காரியாலயத்துக்கு யந்திரத்தின்மேல் எப்போதுமே மோகம் கிடையாது. மாதக் கடைசியில் கணக்குத் தப்பாமல் வரவேண்டும் என்பதொன்றே அதன் கவலை.

1984 நவம்பரில் ராஜீவ் காந்தியின் அரசாங்கம் வெளியிட்ட புதிய கம்ப்யூட்டர்க் கொள்கைக்குப் பிறகு இறக்குமதி எளிதாயிற்று. மேஜைக் கம்ப்யூட்டர்கள் காரியாலயங்களுக்குள் நுழைந்தன. அதே 1984இல் சி.எம்.சி. தன் விரிந்த பெயரைக் கைவிட்டு வெறும் சி.எம்.சி. லிமிடெட் ஆகிவிட்டது; பராமரிப்பைத் தாண்டி, ரயில்வே டிக்கெட் முன்பதிவு போன்ற பெரிய காரியங்களில் அது பெயர் பெற்றது. 2001இல் டாட்டாக்கள் அதை வாங்கினர். 2015இல் அது டி.சி.எஸ்.ஸோடு இணைந்து மறைந்தது.

பராமரிப்புக் கலை அதற்குள் தெருவுக்கு இறங்கி வந்துவிட்டது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் முன்பு ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பெயர்போனவை. கம்ப்யூட்டர் வந்ததும் அதே கடைகள், அதே சந்துகள் அதற்கும் வைத்தியசாலை ஆயின. காரியாலயங்களுக்கு ‘ஏ.எம்.சி.’ என்னும் வருஷாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, ஸ்கூட்டரில் ஒரு பையுடன் புறப்படும் இளைஞர்களில் பலர் உதிரி பாகங்களை வாங்கியது இங்கேதான். 2000ஐ ஒட்டிய வருஷங்களில் உலகமெங்கும் மதர்போர்டுகளில் ஒரு விசித்திர வியாதி பரவிற்று: மின்தேக்கிகளின் உள்ளேயிருந்த ரசாயனக் கரைசல் தரமற்றதாகப் போனதால், அவற்றின் தலை உப்பி, வெடித்து, பழுப்பு நிறத்தில் கசிந்து, கம்ப்யூட்டர் காரணமின்றி நின்றுபோயிற்று. கம்பெனி ஆட்கள் போர்டையே மாற்றவேண்டும் என்றார்கள். ரிச்சி தெரு ஆட்களோ போர்டைப் பெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, ஈயத்தை உருக்கி, உப்பிய மின்தேக்கியைப் பிடுங்கிவிட்டு, அதே அளவில் புதியது ஒன்றை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். செலவு போர்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். பம்பாயில் 1401ஐப் பிரித்தவர்களுக்கு இவர்களும் வாரிசுகளே. ஆனால் இவர்களுக்கு வரைபடத் தொகுதியைக் கொடுத்தவர் யாருமில்லை. கண்ணால் பார்த்தும், மீட்டர் வைத்தும், ஒருவரை ஒருவர் கேட்டுமே கற்றுக்கொண்டார்கள்.

பிற்பாடு வந்த சிகிச்சை முறைகள் இன்னும் சுலபமானவை. பத்து வருஷத்துக் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் சுழலும் ஹார்ட் டிஸ்க்கே என்பதால், அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, ராமைக் கூட்டி, விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, பிராஸஸர் தலையில் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, தேதியை மறக்காமலிருக்க வைத்த வட்ட பேட்டரியையும் மாற்றிவிட்டால், கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இன்னும் சில வருஷங்களுக்கு அதற்கு ஒரு குறையுமில்லை. இத்தனைக்கும் ஒரு மெக்கானிக்குக்கு அரை நாள் வேலை.

ஆனால் இப்போது யந்திரத்தின் ஆயுளை நிர்ணயிப்பது தூசியோ மின்தேக்கியோ அல்ல. மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்தியது. நேற்றுவரை குறையின்றி ஓடிய லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள், ஒரு திருகாணிகூடத் தளராமல், அன்று ஆபத்தானவை ஆகிவிட்டன. அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டு அரசு தன் இலாகாக்களை, சென்னை சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயக்க மென்பொருளுக்கு மாறும்படி கூறியது. அந்த யோசனை எல்லாக் காரியாலயங்களிலும் வேரூன்றவில்லை என்றாலும், திசை சரியான திசையே. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கும் அதே கதி நேர்ந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லு ஒன்றையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட பிராஸஸரையும் கட்டாயமாக்கியிருப்பதால், ரிச்சி தெருவின் எந்த மெக்கானிக்காலும் தீர்க்க முடியாத முதுமை ஒன்று யந்திரங்களுக்கு வந்துவிட்டது. 1978இல் கம்பெனி தேசத்தைவிட்டுப் போனபோதும் வரைபடங்கள் அலமாரியில் இருந்தன. இன்று கம்பெனி போகவேயில்லை, அலமாரிதான் காலி.

கழித்த யந்திரங்கள் போய்ச் சேருமிடமும் இன்பமானதல்ல. மின்னணுக் கழிவுகளுக்கு 2011இல் விதிகள் பிறந்து, 2016இலும் 2022இலும் அவை திருத்தி எழுதப்பட்டன. உற்பத்தியாளரின் பொறுப்பை அவை வற்புறுத்துகின்றன. ஆயினும், போர்டிலிருந்து செம்பும் பொன்னும் எடுக்க அமிலத்திலும் நெருப்பிலும் கைவைக்கும் ஏழைகளின் தொழில் நம் நகரங்களின் ஓரங்களில் நின்றபாடில்லை. ஒரு கம்ப்யூட்டர் பூமிக்குச் செய்யும் கெடுதியில் பெரும்பகுதி, அது காரியாலயத்துக்கு வந்துசேருமுன்பே, அதைச் செய்யும்போதே நிகழ்ந்துவிடுகிறது. அதனால், இன்னும் மூன்று வருஷம் ஓடக்கூடியதை இன்றைக்கே கழிப்பது, வாங்கியவருக்கு மட்டும் நஷ்டமல்ல.

ஆகையால், காரியாலயப் பொறுப்பிலிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். இருப்புப் பதிவேட்டில் ஒரு கம்ப்யூட்டருக்கு நேரே ‘கண்டம்’ என்று எழுதிக் கையெழுத்திடுமுன், அது எதனால் நின்றது என்பதை, விற்க வந்தவரையோ கணக்கரையோ அல்லாமல், அதைத் திறந்து பார்த்த மெக்கானிக்கைக் கேட்டு அந்தப் பதிவேட்டிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள். டிஸ்க் என்றால் டிஸ்க்கை மாற்றுங்கள். விண்டோஸ்தான் தடையென்றால், கடிதமும் கணக்கும் மட்டும் பார்க்கும் மேஜைகளில் லினக்ஸைப் போட்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். அடுத்த தடவை டெண்டர் விடும்போது, உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதிவரை வரும், பழுது பார்க்கும் குறிப்பேடு வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்குமா என்ற மூன்றையும் நிபந்தனையாகச் சேர்த்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.